கூப்பிடு தூரம்

முன்னொரு காலத்தில், மழையின் முகமே மறந்துபோன ஒரு நாட்டில், ஆணை போடுவதில் மிகுந்த ஆசை கொண்ட ஒரு ராஜா இருந்தார். வானம் பொழியவில்லையே தவிர, அரண்மனையிலிருந்து ஆணைகள் பொழிந்தபடியே இருந்தன. கேட்டுக் கேட்டுச் சனங்களுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

ஒருநாள் ராஜாவின் கவனம் கிணறுகள் பக்கம் திரும்பியது. நெருக்கி நெருக்கிக் கிணறு வெட்டினால் ஒன்றின் ஊற்றை மற்றது இழுத்துக்கொள்ளும், கடைசியில் இரண்டும் வற்றிப்போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மையும்கூட. உடனே ஆணை பிறந்தது: தண்ணீர் ஊறும் பழைய கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் புதுக் கிணறு வெட்டக் கூடாது.

நல்ல ஆணைதான். ஓர் ஆள் கூப்பிட்டால் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் நிறைவேற்றும் பொறுப்பு மந்திரி அனந்தபூபதியிடம் போனதும் கதை மாறிவிட்டது. மந்திரிக்கு ஒரு தென்னந்தோப்பும் அதில் வற்றாத கிணறும் இருந்தன. தன் ஊற்றில் எவனும் கைவைத்துவிடக் கூடாது என்று, கூப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு அவர் அரண்மனைக் கட்டியக்காரனை நியமித்தார். ராஜா வரும்போதெல்லாம் 'பராக்' என்றும், விடிந்ததும் அன்றைய ஆணைகளையும் முழங்குகிறவன் அவன். ஊரார் அவனைக் கண்டாமணி என்பார்கள். பாலும் கற்கண்டும் ஊற்றி வளர்த்த தொண்டை. புதுக் கிணறு கேட்ட இடத்தில் நின்று அவன் ஒரு குரல் கொடுத்தால், மூன்று ஊர் தாண்டிக் கேட்கும். அங்கே ஏதாவது ஒரு பழைய கிணறு இல்லாமல் போகுமா? கேட்டுவிட்டது, அனுமதி இல்லை என்று மந்திரி கையை விரித்துவிடுவார். நாடு முழுக்க ஒரு கிணறும் வெட்டப்படவில்லை.

மந்திரியின் தோப்பிலிருந்து நன்றாகவே தள்ளி, ஆனால் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது கரட்டுப்பட்டி. அங்கே இருந்த ஒரே கிணறு பாறை தெரிய வறண்டுவிட்டது. புதுக் கிணறு கேட்டார்கள். கண்டாமணி வந்து கத்திவிட்டுப் போனான். அதற்குமேல் என்ன செய்வது? ஊரைக் காலி செய்ய வண்டிகளில் சட்டிபானையை ஏற்றிவிட்டுக் கடைசியாக ஒருமுறை முறையிட வந்தாள் சிலம்பாயி என்ற பெண். மந்திரி அவளைச் சபை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

உள்ளே போகும் வழியில் அவளைப் பார்த்தவன் அளகேசன். ராஜாவைச் சிரிக்கவைக்கச் சம்பளம் வாங்குகிறவன். உண்மையில் அவன் செய்துவந்தது ராஜா போடும் முடிச்சுகளை அவிழ்க்கும் வேலை. அவிழ்த்து அவிழ்த்து அவனுக்கே அலுத்துவிட்டது. பேசாமல் போய்விடலாமா என்றுதான் முதலில் நினைத்தான். முடியவில்லை.

சபையில் அவன் விஷயத்தை எடுத்ததுமே மந்திரி குறுக்கிட்டார். ராஜாவின் ஆணையைக் கோமாளி குறை சொல்கிறான் என்று மூட்டிவிட்டார். ராஜாவுக்கு முகம் கடுத்தது.

"அளகேசா, நமது ஆணையில் ஓர் எழுத்தும் மாறாது. எழுத்து மாறாமலே அந்த ஊருக்குக் கிணறு வாங்கிக் கொடு. முடியாவிட்டால் அவர்கள் வண்டியில் நீயும் ஏறிக்கொள்."

"உத்தரவு, மகாராஜா. ஒரு சந்தேகம். கூப்பிடு தூரம் என்கிறது ஆணை. கூப்பிட வேண்டியது யார்?"

ராஜா யோசித்தார். ஆணையில் அது இல்லை.

"தண்ணீர் வேண்டியவர்தானே கூப்பிட வேண்டும்? கண்டாமணிக்குத் தண்ணீருக்கு என்ன குறை? கரட்டுப்பட்டிக்காரி கூப்பிடட்டும், மகாராஜாவே கேளுங்கள்" என்றான் அளகேசன்.

காட்டிலும் மேட்டிலும் மாட்டை அதட்டிப் பழகிய தொண்டை, எப்படியும் எட்டிவிடும் என்று மந்திரியும் சம்மதித்தார்.

உச்சி வெயிலில் எல்லோரும் தோப்புக் கிணற்றருகே நின்றார்கள். அப்பால், கிணறு கேட்ட கரட்டு மேட்டில் சிலம்பாயி கையை உயர்த்தியது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ராஜா தோப்பைத் தாண்டி நடந்தார். கேட்கவில்லை. அவளுக்கு எதிரிலேயே போய் நின்றார். வெடித்த உதடுகள் அசைந்தன, காற்றுதான் வந்தது. முந்தின நாளிலிருந்து அவள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

"நடிக்கிறாள், மகாராஜா. ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துக் கூப்பிடச் சொல்லுங்கள்" என்றார் மந்திரி.

"கொடுக்கலாமே" என்றான் அளகேசன். "எந்தக் கிணற்றிலிருந்து, ஐயா? தங்கள் கிணற்றிலிருந்தா? தினமும் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், இவர்களுக்குக் கிணறே வேண்டாம்."

ராஜா சிரிக்கவில்லை. அவர் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் குடிதண்ணீர்க் கூஜாவை அவளிடம் நீட்டி, இங்கேயே வெட்டட்டும் என்று சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறினார்.

கரட்டுப்பட்டிக்காரர்கள் வண்டியிலிருந்து சட்டிபானையை இறக்கிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்கள். பாறையோடு மல்லுக்கட்டி, கை கொப்பளித்து, இனி வேண்டாம் என்று உட்கார்ந்த பிறகு ஊற்று கசிந்தது. கொஞ்சம் உப்புக் கரித்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. சிலம்பாயி வயிறு முட்டக் குடித்துவிட்டு ஊரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏ ராக்காயி, குடத்த எடுத்துக்கிட்டு ஓடியா! தண்ணி வந்திருச்சுடி!"

அது தோப்பு வரைக்கும் போயிற்று. மறுநாள் சபை கூடியதும் மந்திரி எழுந்தார்.

"மகாராஜா, அவள் குரல் என் கிணற்றடியில் தெளிவாகக் கேட்டது. ஆணைப்படி அந்தக் கிணற்றை மூட வேண்டும்."

ராஜா அளகேசனைப் பார்த்தார். அவன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு எழுந்தான்.

"தாராளமாக மூடலாம், மகாராஜா. மூடினால் அவளுக்குத் தொண்டை வற்றும். வற்றினால் குரல் கேட்காது. கேட்காவிட்டால் ஆணைப்படி அங்கேயே மறுபடியும் வெட்டலாம். மந்திரியார் மூடிக்கொண்டே இருக்கட்டும், அவர்கள் வெட்டிக்கொண்டே இருக்கட்டும்."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். மந்திரி உட்கார்ந்துவிட்டார். இனி கிணறு கேட்கிறவர்களே கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்றார் ராஜா. பிறகு, என்ன பரிசு வேண்டும் என்று அளகேசனைக் கேட்டார்.

"ஒரே ஒரு நாள் ஆணை எதுவும் போடாமல் இருங்கள், மகாராஜா. நான் தூங்க வேண்டும்."

ராஜா இன்னொரு முறை சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டு, கேட்டதையும் கொடுத்தார். மறுநாள் விடியற்காலையில் கண்டாமணி வாயே திறக்கவில்லை. அளகேசன் முத்துமாலையைக் கழற்றக்கூட மறந்து, வெயில் ஏறும்வரை தூங்கினான்.