மூன்று லட்சம் பேர் பார்த்த பதிவு

"அக்கா, இது ஏன் இப்படி ஓடிச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்ததையும் இதே மாதிரி போட்டுடறேன்."

தணிகைவேல் போனை நீட்டினான். ரத்தம் கேட்டு அவன் போட்ட ஒரு பதிவு. இரண்டு நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

ரத்த வங்கி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த மும்தாஜ் அவனைவிட நாலு வயது சின்னவள். ஆனாலும் ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்கும் வேலையைக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் அவனுக்கு அக்கா. அவள் போனை வாங்கவில்லை.

"யாருக்கு ரத்தம்?"

"ஓ நெகட்டிவ் அக்கா. பிரசவ கேஸ். பேரு வந்து..."

பதிவில் பேர் இல்லை. யாரோ அனுப்பிய பழைய வாட்ஸப்பைத் தேடி எடுத்தான்.

"சுகந்தி."

"எத்தனை பேர் வந்து கொடுத்தாங்க?"

"அதை இதுல காட்டாது அக்கா. மணிக்கு மணி எத்தனை பேர் பார்த்தாங்கன்னு காட்டற இந்தக் கோடு செவ்வாய்க்கிழமை எப்படி ஏறுதுன்னு பாருங்களேன்!"

"அவங்க வீட்டு நம்பர் போட்டியா?"

"நம்பர், ஆஸ்பத்திரி பேரு எல்லாம் போட்டா படம் கசகசன்னு ஆயிடும். யாரும் ஷேர் பண்ண மாட்டாங்க. நம்பர் போட்ட பதிவையும் போடாததையும் போன மாசமே ஒப்பிட்டுப் பார்த்துட்டேன். அதான் எடுத்துட்டு, 'எங்களுக்கு மெசேஜ் அனுப்புங்க'ன்னு மட்டும் போட்டேன்."

அடப்பாவி, அந்த நிமிஷம் வரைக்கும் அவனுக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

"மெசேஜைத் திற."

திறந்தான். முன்பின் தெரியாதவர்கள் அனுப்புவது ஒரு தனிப் பெட்டியில் போய் விழுந்திருந்தது. அதை அவன் தொட்டதே இல்லை. இருநூற்றுப் பதினாலு கிடந்தது.

"வாய்விட்டுப் படி."

"'அண்ணா, நான் ஓ நெகட்டிவ். எங்க வரணும்?'"

"நேரம்?"

"செவ்வாய் காலை பத்தே கால்."

"அடுத்தது."

"'பைக்ல கிளம்பிட்டேன். எந்த ஆஸ்பத்திரி?'"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. எங்கே வரணும் என்று பதினோரு பேர் கேட்டிருந்தார்கள். அதற்கும் கீழே இன்னொன்று.

"'சார், நான் சுகந்தி வீட்டுக்காரர். ஊரெல்லாம் ஷேர் ஆகுதுன்னு சொல்றாங்க. யாராவது பேசினாங்களா சார்?'"

"அவர் வேற எதுவும் அனுப்பலையா?"

அனுப்பியிருந்தார். தணிகைவேல் போனை அவள் பக்கம் நீட்டினான்.

"படிடா."

"'இனிமே ரத்தம் வேணாம் சார். சுகந்தி போயிட்டா. ஷேர் பண்ணின எல்லாருக்கும் நன்றி சொல்லிடுங்க.'"

"நேரம்?"

"அதே செவ்வாய் சாயங்காலம் அஞ்சு இருபது."

மும்தாஜ் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இப்ப அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லு. அஞ்சு இருபதுக்கு எங்க நிக்குது?"

அவன் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு நாளாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உச்சியில, அக்கா."