மலை இறங்கிய காற்று

ஜூலை 6, பிற்பகல் இரண்டரை மணி. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்து மடம் ஒன்றில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஜக்கையன், வயது அறுபத்தாறு.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஏலத்தோட்டம் வைத்திருந்தவர். தோட்டத்தைப் பிள்ளைகளுக்கும், மடம் நிற்கும் நிலத்தை மடத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு துணிப்பையுடன் சீடராக வந்து சேர்ந்தார். மடத்தின் தலைவி வீருசின்னம்மாள் அவரைவிட மிகவும் இளையவர். இருந்தாலும் ஜக்கையன் அவரைத் தாயி என்றுதான் அழைத்தார். சமையல் செய்யும் முத்திருளாயி, ஜக்கையனை முதலாளி என்று அழைத்தார். அவருக்கு அது பிடிக்காது என்பதால் அழைத்தார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேல்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் உச்சிப்பொழுதுக்குப் பிறகு அடுப்பு எரியாது. காலையிலேயே சமைத்து முடித்துவிடுவார்கள். சமையற்கட்டுக்குத் தென்னங்கீற்றுக் கூரை.

அன்று ஜக்கையனுக்குச் சுக்குக் காப்பி வேண்டியிருந்தது. முடியாது என்றார் முத்திருளாயி. ஜக்கையன் மலையைக் காட்டினார். முகடு முழுவதும் கறுத்த மேகம் சுவர் போல நின்றது. தோட்டத்தில் ஆயுசு முழுக்கப் பார்த்த மேகம் இது, இன்னும் அரைமணி நேரத்தில் கொட்டும், கூரை நனைந்துவிடும் என்றார்.

"மேகத்தப் பத்தி எனக்கென்ன தெரியும் முதலாளி. பத்த வைக்கக் கூடாதுன்னு தாயி சொல்லிருக்கு. மழை பேயட்டும், ரெண்டு தம்ளரா போட்டுத் தாரேன்."

"நீ நிக்கிற எடமே நான் குடுத்தது."

முத்திருளாயி வெளியே வந்துவிட்டார். ஜக்கையனே அடுப்பைப் பற்றவைத்தார்.

மழை வரவில்லை. காற்று வந்தது. சரிவில் இறங்கி வந்த காற்று, முகத்தில் பட்டதும் தோல் இழுத்தது. கொடியில் கிடந்த ஈரச்சேலை கொஞ்ச நேரத்தில் மொடமொடப்பானது. காற்று பின்வாசல் வழியாகப் புகுந்து அடுப்புக் கங்கைக் கூரைக்குத் தூக்கியது.

தொட்டியிலிருந்து முதல் வாளித் தண்ணீர் வருவதற்குள் கூரை முழுவதும் எரிந்தது. சமையற்கட்டை ஒட்டி மாட்டுக் கொட்டில். உள்ளே மாடு கட்டிக் கிடந்தது. முத்திருளாயி ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தார். மாடு வெளியே வந்தது. அதன் பின்னால் அவர் வருவதற்குள் கொட்டிலின் கூரையும் எரிந்து விழுந்தது.

முத்திருளாயியின் நுரையீரல் வரை அனல் போயிருக்கிறது, சில நாள் கழித்துத்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் மருத்துவர்.

மறுநாள் காலை, மருத்துவமனைக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் ஜக்கையனும் வீருசின்னம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். ஜக்கையன் மலைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் பக்கம் அம்புட்டு மழையும் குடுத்த காத்துதான தாயி இது? இங்க வந்து ஏன் எரிக்குது?"

வீருசின்னம்மாள் எழுந்து கடைக்காரரிடம் ஓர் எவர்சில்வர் தட்டை வாங்கினார். கொதிக்கும் பால் சட்டிக்கு மேல், ஆவியில் பிடித்தார்.

"டீ வேணும்னா கேளுங்கம்மா, ஆவிக்குக் காசு வாங்கமாட்டேன்" என்றார் கடைக்காரர்.

தட்டின் அடியில் நீர் கோத்துச் சொட்டியது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, முந்தானையால் பிடித்தபடி ஜக்கையனிடம் நீட்டினார்.

"தொடுங்க."

ஜக்கையன் தொட்டார். விரலை இழுத்துக்கொண்டார்.

"ஆவியில இருந்த தண்ணி எங்க?"

"சொட்டிப் போச்சு."

"சூடு?"

"தட்டுல இருக்கு."

மலை ஏறும்போதும் இதேதான் நடக்கிறது என்றார் வீருசின்னம்மாள். ஏறுகிற காற்று குளிர்கிறது, அதிலுள்ள ஆவி நீராகி மழையாக அந்தப் பக்கமே விழுகிறது. ஆவிக்குள் இருந்த சூடு காற்றிலேயே தங்கிவிடுகிறது. அந்தச் சூட்டோடு முகட்டைத் தாண்டி இறங்குகிறது. கீழே வர வர நெருக்கப்பட்டு, சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுவதைப் போல, மேலும் சுடுகிறது. மேகம் மட்டும் முகட்டோடு நின்றுவிடும், இந்தப் பக்கம் இறங்கினால் கரைந்துபோகும் என்றார்.

ஜக்கையன் இன்னொரு முறை தட்டைத் தொட்டார்.

"இருந்ததையெல்லாம் குடுத்துட்டுத்தான தாயி வந்துச்சு?"

"தண்ணியக் குடுத்துச்சு. குடுத்தோம்ங்கிற சூட்ட வச்சுக்கிருச்சு."

ஜக்கையன் எழுந்து மருத்துவமனைக்குள் போனார்.

முத்திருளாயி ஜூலை 11ஆம் தேதி காலையில் இறந்தார்.