ரெஜினாவின் ஃபிராக்கில் தடிப்பைக் குறைத்த கதை

தூத்துக்குடியில் சவரிமுத்து, தொம்மை, எஸ்தாக்கி என்று மூன்று தையல்கார அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் கை சுத்தம். மூளை அதைவிடச் சுத்தம்.

பிரகாசியின் மகள் ரெஜினாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை சாட்டின், மேலே நெட், உள்ளே லைனிங் வைத்து ஃபிராக் தைக்கப் பிரகாசி இவர்களிடம் கொடுத்தாள். ஊரில் வேறு தையல்காரரே இல்லையா என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை கடையில் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு அழுகை.

"இடுப்புல கயிறு கட்டுன மாதிரி குத்துதும்மா. இதப் போட்டுட்டு எப்படி முட்டங்கால் போடுவேன்?"

பிரகாசி ஃபிராக்கை உள்புறம் திருப்பினாள். மூன்று துணியிலும் தையலுக்கு வெளியே விட்ட ஓரம் ஒரே இடத்தில் முண்டிக்கொண்டு நின்றது.

"ஏன்டே, மூணும் ஒரே அளவுல நின்னா தடிக்கத்தான செய்யும்? ஓரத்த ஒண்ணைவிட ஒண்ணு குறைச்சு வெட்டுங்க. கையில தட்டுப்படக் கூடாது, ஆமா. சாயங்காலம் வாரேன்."

விருந்து வேலை தலைக்கு மேல் கிடந்தது, போய்விட்டாள்.

ஆளுக்கொரு துணி பொறுப்பு. எஸ்தாக்கி லைனிங்கை சாட்டினைவிடக் குறைத்தான். தொம்மை நெட்டை லைனிங்கைவிடக் குறைத்தான். சவரிமுத்து மட்டும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"லே, அப்ப என் சாட்டின் எதைவிடக் குறைவு?"

"எதைவிடவும் இல்லண்ணே. அதுதான் பெருசு."

"ஒண்ணைவிட ஒண்ணுன்னுதான அக்கா சொன்னாவ? என்னுது மட்டும் சும்மா நின்னா அவுகளுக்கு என்ன பதில் சொல்ல?"

நியாயம்தானே. சாட்டினை நெட்டைவிடக் குறைத்தார். உடனே லைனிங் பெரிதாகிவிட்டது. எஸ்தாக்கி அதைக் குறைத்தான். இப்போது நெட் பெரிது. கத்தரி கைமாறிக் கைமாறித் தையல் வரைக்கும் வந்தது. தையல் குறுக்கே நிற்கிறதே என்று அதைப் பிரித்து, உள்ளே தள்ளித் தைத்து, மறுபடி ஆரம்பித்தார்கள். இடுப்பு முடிந்து பக்கம், பக்கம் முடிந்து தோள்.

நடுவில் தொம்மை கண்ணை மூடித் தடவிப் பார்த்தான்.

"இன்னும் தட்டுப்படுதுண்ணே."

"என்னதுலே?"

"துணி."

"அப்ப வெட்டு."

சாயங்காலம் பிரகாசி மகளோடு வந்தாள். சவரிமுத்து இஸ்திரி போட்ட ஃபிராக்கை இரண்டே விரலால் தூக்கிக் காட்டினார். தடிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ரெஜினாவின் தலை உள்ளே போனது. தோள் போகவில்லை.

"கூறுகெட்ட பயலுவளா! விடிஞ்சா பூசை! எம்புள்ள என்னத்த உடுத்திட்டுப் போவா?"

மூவரும் மூலைக்குப் போய்க் கூடிப் பேசினார்கள்.

"ஃபிராக்ல ஏதும் குறை இருக்கா?"

"ஒரு குறையும் இல்லண்ணே. நாமதான பாத்துப் பாத்துச் செஞ்சோம்."

"அப்ப?"

மூன்று பேரும் மெதுவாகத் திரும்பி ரெஜினாவைப் பார்த்தார்கள்.

சவரிமுத்து துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு வந்து, ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "யக்கா, கோவப்படாதீங்க. பாப்பாவுக்குச் சுத்திலும் ஓரம் எவ்வளவு விட்டிருக்கீங்க?"