இரவல் வாங்கிய குண்டு

மட்டித்தீவு என்று ஒரு நாடு. தென்கடலில் இருக்கிறது. வரைபடத்தில் பார்ப்பவர்கள் அச்சடித்தவர் சிந்திய மைப்பொட்டு என்று நினைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். மட்டி என்றால் அங்கே சேற்றில் விளையும் சிப்பி. வெளியூர்க்காரர்கள் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் சொல்வார்கள். தீவுக்காரர்கள் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. புரிந்தால்தானே கோபம் வரும்?

அந்தத் தீவை ஒட்டிய கடலில் அணுகுண்டு வெடித்துப் பார்க்கப் போவதாக வல்லபுரி என்ற பெரிய நாடு அறிவித்தது. வெடித்தால் மீன் போகும், மட்டி போகும், காற்று இந்தப் பக்கம் அடித்தால் தீவே போகும். குண்டு இல்லாத நாடுகளெல்லாம் பதறிப்போய் ஒரு குளிர்தேசத்தில் மாநாடு கூட்டின. மட்டித்தீவின் தலைவி மதுரவல்லியம்மாள் மூன்று பேரைத் தூது அனுப்பினார்: படகோட்டி சடையாண்டி, உப்பளத்து மீராசா, மாதா கோயிலில் மணியடிக்கும் அந்தோணிக்குட்டி.

"போற இடத்துல மூணு பேரும் ஒரே குரல்ல பேசணும். வல்லபுரிக்கு நல்லா அழுத்தம் குடுக்கணும். குண்டைக் கீழ போடச் சொல்லாம திரும்பி வரக் கூடாது," என்றார் தலைவி.

கப்பல் ஏறியதுமே விவாதம் தொடங்கிவிட்டது.

"ஒரே குரல்னா யார் குரல்?" என்றான் மீராசா. "என்னுது கீச்சுக் குரல். நாட்டுக்குக் கௌரவமா இருக்காது."

"எனக்கு மணிச்சத்தத்துல காது போச்சு. நான் பேசினா சண்டை போடுற மாதிரி இருக்கும்," என்றான் அந்தோணிக்குட்டி.

"அப்ப என் குரலையே வச்சுக்குவோம். நீங்க வாயை மட்டும் அசைங்க," என்றான் சடையாண்டி.

மாநாட்டில் அப்படியே நடந்தது. சடையாண்டி பேசினான், மற்ற இரண்டு பேரும் வாயசைத்தார்கள். நடுவில் அவனுக்குத் தும்மல் வந்தது. அவர்களும் தலையைப் பின்னால் சாய்த்துச் சத்தமில்லாமல் தும்மினார்கள். மாநாட்டுத் தலைவி, வெள்ளைமுடி அம்மையார் ஒருவர், கண்கலங்கிவிட்டார். "ஒற்றுமை என்றால் இதுவல்லவா ஒற்றுமை!" என்றார். மறுநாள் எல்லா நாட்டுத் தூதர்களும் மட்டித்தீவைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தார்கள். பேசுவதற்குத்தான் ஆளில்லை. அன்றைய கூட்டம் மிகவும் அமைதியாக நடந்ததாக எல்லாரும் பாராட்டினார்கள்.

அடுத்தது அழுத்தம். வல்லபுரியின் சார்பில் தளபதி உக்கிரபாகு வந்திருந்தார். கழுத்தைத் திருப்பவே மாட்டார். கர்வம் என்று ஊர் பேசியது. உண்மையில் அது சுளுக்கு.

"எங்க அழுத்தணும்னு அம்மா சொல்லலையே," என்றான் மீராசா.

"எங்க வலிக்குதோ அங்க," என்றான் சடையாண்டி. "உடம்பு பிடிச்சு விடறதுல இதுதான் முறை."

மத்தியானம் மூவரும் தளபதியின் அறைக்குப் போய், "அழுத்தம் குடுக்க வந்திருக்கோம்," என்று வணங்கினார்கள். உப்பு மூட்டை தூக்கிக் காய்ந்த மீராசாவின் கட்டைவிரல் கழுத்து நரம்பில் இறங்கியது. தளபதி முதலில் அலறினார். பிறகு முனகினார். பிறகு, "கொஞ்சம் இடப்பக்கம்," என்றார். கடைசியில் கழுத்து நன்றாகத் திரும்பியது. திரும்பிப் பார்த்து, "என்ன வேணும்? கேளுங்க!" என்றார்.

"குண்டைக் கீழ போடுங்க ஐயா," என்றான் சடையாண்டி. மற்ற இருவரும் வாயசைத்தார்கள்.

தளபதியின் முகம் வெளுத்தது. "போடவா? எங்கே?"

மூவரும் கூடிப் பேசினார்கள். பாவம், பெரிய நாட்டுக்காரருக்கு வைக்க இடமில்லை போலிருக்கிறது. "இடம் கிடைக்கலேன்னா எங்க தீவுலயே போடுங்க. நிறைய இடம் சும்மா கிடக்கு," என்றான் அந்தோணிக்குட்டி. அவனுக்குக் காது மந்தம் என்பதால் அது நான்கு அறை தாண்டிக் கேட்டது.

தளபதி ஊருக்குத் தகவல் அனுப்பினார்: "தங்கள் தலையிலேயே குண்டு போடச் சொல்லிக் கேட்கிறார்கள். இவர்களிடம் அதைவிடப் பயங்கரமான ஏதோ இருக்கிறது."

மறுநாள் கூட்டத்தில் தளபதி நேராகவே கேட்டார். "உங்களிடம் என்ன இருக்கிறது?"

"ஒண்ணுமே இல்லைங்க."

"நாங்களும் முதலில் அப்படித்தான் சொன்னோம்!" என்று தளபதி மேசையைக் குத்தினார். "நீங்கள் உங்கள் குண்டை அழியுங்கள். அடுத்த நிமிடம் நாங்களும் அழிக்கிறோம்."

மண்டபம் கைதட்டியது. மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"நம்மகிட்டத்தான் இல்லையே, எதை அழிக்கிறது?"

"யார்கிட்டயாவது இரவல் வாங்குவோம்."

"யார்கிட்ட?"

"யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்டத்தான்."

நேரே தளபதியிடம் போனார்கள். "ஐயா, ஒரு குண்டு இரவல் குடுங்க. அழிச்சிட்டுப் பத்திரமாத் திருப்பித் தந்துடுறோம்."

தளபதி நடுநடுங்கி வல்லபுரி ராஜாவைக் கேட்டார். "கேட்டதைக் கொடுத்துவிடு. அந்த ஆட்களைக் கோபப்படுத்தாதே!" என்று ராஜா உத்தரவிட்டார். குண்டு வந்தது. மாநாட்டு நிபுணர்கள் எல்லார் முன்னாலும் அதைத் திருகு திருகாகக் கழற்றினார்கள். மட்டித்தீவின் குண்டு அழிந்தது என்று அறிவித்தார்கள்.

"இனி உங்கள் முறை," என்றார் அம்மையார், தளபதியிடம்.

தளபதி தரையைப் பார்த்தார். "எங்களிடம் இருந்ததே அந்த ஒன்றுதான்," என்றார்.

கடல் பிழைத்தது. தீவில் மேளதாளத்தோடு வரவேற்றார்கள். எல்லாம் கேட்டு முடித்த மதுரவல்லியம்மாள், "அது சரி, இரவல் வாங்கினதைத் திருப்பிக் குடுத்தாச்சா?" என்றார்.

மூவரும் மறுபடி தலையில் கைவைத்தார்கள்.

"குண்டு வாங்கினா குண்டுதான் குடுக்கணும்," என்றான் மீராசா.

"நம்ம தீவுல குண்டுக்கு எங்க போறது?" என்றான் அந்தோணிக்குட்டி.

சடையாண்டி மெதுவாகத் திரும்பினான். எல்லாரும் திரும்பினார்கள். மேடை ஓரத்தில் தலைவியின் தம்பி கோமதிநாயகம் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்பதாவது அப்பத்தைப் பிட்டுக்கொண்டிருந்தார். தீவிலேயே அவரைவிடக் குண்டு கிடையாது.

"வல்லபுரியில சோறு நல்லா இருக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் கப்பல் ஏறினார்.

வல்லபுரிக்கு மறுபடி ஒரு குண்டு வந்து சேர்ந்த செய்தி பரவியதும், குண்டு இல்லாத நாடுகள் திரும்பவும் கூடின. உடனே ஒழிக்க முடியாவிட்டாலும் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டன. வல்லபுரியும் ஒப்புக்கொண்டது. இப்போது கோமதிநாயகம் தினமும் அரண்மனையைச் சுற்றி ஓடுகிறார். பல நாட்டுப் பார்வையாளர்கள் மூச்சு வாங்கக் கூடவே ஓடி, மாதா மாதம் அவரைத் தராசில் ஏற்றிக் கையெழுத்துப் போடுகிறார்கள். நன்றாகவே குறைந்து வந்தார். போன வாரம்தான் அவர் தலையணைக்கு அடியில் இரண்டு அப்பம் அகப்பட்டது. ஒப்பந்த மீறல் என்று மாநாடு அவசரமாகக் கூடியிருக்கிறது.