எட்டுக் குழியும் புது பூட்ஸும்

ஒருகாலத்தில் தங்கம் எடுத்த தேவாலா மலையில் எஸ்டேட் முதலாளி சிதம்பரநாதன், ஆறு லட்சம் கொடுத்துத் தங்கம் தேடும் கருவி வாங்கினார். அவர் அதைத் தரையோரம் வீசி நடக்க, அது கத்திய இடமெல்லாம் கூலிக்காரி தவமணி தோண்டினாள். எட்டுக் குழி தோண்டியும் வெறும் மண்தான்.

"சாயங்காலத்துக்குள்ள தங்கம் வரலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்றார் முதலாளி.

கருவி அவர் காலருகே வரும்போது மட்டும் ஏன் கத்துகிறது என்று யோசித்தாள் தவமணி.

"ஐயா, சாமி இருக்கிற மலை. செருப்புக் காலோட நின்னா மண்ணு தங்கம் குடுக்குமா?"

அவர் இரும்பு முனை வைத்த புது பூட்ஸைக் கழற்றிப் பாறைமேல் வைத்தார். இப்போது கருவி மூச்சு விடவில்லை. பாறைப் பக்கம் திரும்பியதும் வீலென்று கத்தியது.

"ஒன்பதாவது குழியை பூட்ஸுக்குள்ளயே தோண்டட்டுங்களா ஐயா?"

மறுநாளும் தவமணிக்கு வேலை இருந்தது. எட்டுக் குழியையும் யார் மூடுவது?