முதல் வரியிலிருந்து கையெழுத்து

“பத்து மணிக்குள்ள நூறு கையெழுத்து வேணும் குப்பாயி. இல்லைன்னா நாளைக்குக் கூட்டிப் பெருக்க வர வேண்டாம்,” என்று வெற்றுத்தாள்களை நீட்டினார் ஊராட்சித் தலைவர் சென்னியப்பன்.

“எதுக்குன்னு கேட்டா என்னங்க சொல்றது?”

“கிராமசபைக்கு வந்ததுக்குன்னு சொல்லு.”

முதலில் அடியில் கையெழுத்து, பிறகு மேலே தீர்மானம். அதுதான் அங்கே வழக்கம். இந்த முறை ஊரை மாநகராட்சியோடு சேர்க்கும் தீர்மானம். சேர்ந்தால் தலைவரின் தரிசு நிலம் மனைகளாக விலைபோகும். பெண்களுக்கு நூறு நாள் வேலை நின்றுபோகும்.

பத்து மணிக்குக் குப்பாயி வந்தாள். கையெழுத்துப் போட்ட நூறு பேரும் பின்னாலேயே வந்து கிராமசபைக் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

தாளைப் பிரித்த தலைவர், மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி பக்கத்தில் இருப்பதையே மறந்துவிட்டார். முதல் வரியிலிருந்தே கையெழுத்துகள் நெருக்கி நின்றன. பின்பக்கமும் அப்படியே.

“தீர்மானம் எழுத எடம் எங்க?”

“வந்ததுக்குன்னுதானுங்களே சொன்னீங்க. எடம் விட்டா யாராச்சும் எதையாச்சும் எழுதிப்புடுவாங்க. உங்க நல்ல பேரு என்னாகறதுங்க?”

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தத் தீர்மானத்தை வாசிச்சே காட்டிடுங்க தலைவரே. வேண்டாங்கறவங்க கையைத் தூக்கட்டும்.”

தலைவர் மெல்லிய குரலில் வாசித்து முடித்தார். வரிசை வரிசையாகக் கைகள் உயர்ந்தன. அதிகாரி எண்ணத் தொடங்கினார்.

கதவோரம் நின்றிருந்த குப்பாயி துடைப்பத்தை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையைத் தூக்கினாள்.