கூச்சலைத் தின்ற பூனை

முன்னொரு காலத்தில், பூனைகளுக்குப் பேச்சு வந்த காலத்தில், குன்றூர் நாட்டில் வடிவு என்று ஒருத்தி இருந்தாள். அரண்மனை விருந்துக்கு அப்பளம் இடுவது அவள் வேலை. அதற்காகவே, விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை வெயில் விழும் முற்றத்தோடு ஒரு வீட்டை அரசர் அவளுக்கு விட்டிருந்தார். ஒரு விருந்துக்கு அப்பளம் வராவிட்டாலும் வீடும் முற்றமும் போய்விடும். அதுதான் கட்டளை.

அந்த வெயில்மேல் கண் வைத்தான் மாகோடன் என்ற மந்திரவாதி.

"மூலிகை உலர்த்த உன் முற்றத்தைக் கொடு" என்றான்.

"உன் தாடியைக் காயப்போட என் முற்றமா? போய்யா!" என்றாள் வடிவு.

இளவரசி கல்யாணம் நெருங்கியது. மாகோடன் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டியை மந்திரித்து, அவள் வாசலில் விட்டுப் போனான். குட்டி அவள் காலைச் சுற்றியது.

"மடி எங்கே, மடி எங்கே, மகராசி மடி எங்கே?"

பாவம் என்று எடுத்துத் தடவினாள். பிடித்தது வினை!

அப்பளம் காயும் முற்றத்தில் நாளெல்லாம் காக்கை விரட்ட வேண்டும். அப்பளக்காரிக்குத் தொண்டைதான் கம்பு. குட்டி உளுந்து மாவில் காலை வைத்ததும், வடிவு காக்கைக்குப் போடும் அதே சத்தத்தைப் போட்டாள்.

"சூ! போ! எட்டப் போ!"

காக்கையானால் பறந்திருக்கும். குட்டியோ ஒரு சாண் வளர்ந்தது. வளர்ந்து, அவள் முதுகில் ஏறிக்கொண்டது.

மறுநாள் காய்கிற அப்பளத்தின்மேல் படுத்துப் புரண்டது. "சூ! போ! எட்டப் போ!" ஆட்டுக்குட்டி அளவு ஆயிற்று.

அதற்கு மறுநாள் உலக்கையைக் கட்டிக்கொண்டது. மாவில் சேர்க்கும் பிரண்டைச் சாற்றுச் சட்டியைக் கவிழ்த்தது. "சூ! போ! எட்டப் போ!" கன்றுக்குட்டி அளவு ஆயிற்று.

"மடி எங்கே, மடி எங்கே, மகராசி மடி எங்கே?"

"பாசமாம் பாசம்! மூச்சுவிட விடாமல் குடியைக் கெடுக்கிற பாசம் யாருக்கு வேண்டும்?" என்று கொதித்தாள் வடிவு. நியாயம்தானே? முதுகொடியக் குனிந்து இட்டவளுக்குப் பாய் நிறையப் பூனை முடிதான் மிஞ்சியது என்றால், யாருக்குத்தான் பொறுக்கும்?

வேலிக்கு வெளியே நின்று மாகோடன் கேட்டான்: "என்ன தாயி, பிள்ளை நன்றாக வளருதா?"

அவனைத் திட்டிய திட்டில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மறுநாள் பூனை அப்பளத்தை நோக்கி வந்தது. வடிவு வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. பூனை அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தது. பிறகு ஒரு சாண் சுருங்கியது.

வடிவு அப்பளம் தேய்க்கும் குழவியைக் கீழே வைத்தாள். 'அடப்பாவி! என் கூச்சலையா தின்று வளர்ந்தாய்? காக்கையை விரட்டுகிற சத்தம் உனக்கு வெற்றிலை பாக்கு வைத்த அழைப்பா?'

தொண்டை சரியான பிறகும் அவள் கத்தவில்லை. கோபம் போனதா? எங்கே போகும்! வெற்றிலைபோல் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். காலையில் மாவில் கை வைக்குமுன், அந்தப் பெரிய தலையை மடியில் வாங்கித் தாடையைச் சொறிந்துவிட்டாள். பிறகு புடைக்க உதவாத ஓட்டைச் சுளகில் பழைய சேலையை விரித்து வெயிலில் வைத்தாள். அங்கே படுத்தால் ஒரு தடவல், ஒரு வாய் பால்சோறு. அப்பளத்துக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கன்று ஆட்டுக்குட்டி ஆயிற்று. ஆட்டுக்குட்டி மறுபடி பூனைக்குட்டி ஆயிற்று. அப்பளமும் கூடை கூடையாகக் காய்ந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் முற்றத்தைப் பிடுங்க வந்தான் மாகோடன். சுளகில் தூங்கும் குட்டியைக் கண்டதும் அவனுக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஏய்! உன்னைத் தூங்கவா அனுப்பினேன்? எழுந்திரு! போய்ப் புரளு!"

குட்டி காதை நிமிர்த்தியது. எத்தனை நாள் பசி!

"மடி எங்கே, மடி எங்கே, மந்திரவாதி மடி எங்கே?"

"சூ!" என்றான், ஆடாயிற்று. "போ!" என்றான், எருமையாயிற்று. "எட்டப் போ!" என்றான், யானையாகி, ஆசையோடு அவன்மேல் படுத்துக்கொண்டது.

"தாயி! காப்பாற்று!"

"உன் மந்திரம்தானே? நீயே முறி. இந்த முற்றத்துப் பக்கம் வரமாட்டேன் என்று சத்தியமும் பண்ணு."

நசுங்கிய குரலில் சத்தியம் செய்தான், மந்திரத்தை முறித்தான், ஓடினான். யானை மறுபடி குட்டியாயிற்று. அதன் பேச்சும் போயிற்று.

விருந்தில் அப்பளத்தைக் கடித்த அரசர், "இனி அந்த வீடும் முற்றமும் என்றைக்கும் வடிவுக்கே" என்றார்.

மறுநாள் காலை வடிவு மாவு பிசைய உட்கார்ந்தாள். மந்திரம் இல்லாத அந்த வெறும் பூனை நேராக வந்து மாவில் காலை வைத்தது!

வடிவு வாயைத் திறந்தாள். மூடினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பூனை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, காலில் மாவோடு, சுளகுக்கு நடந்தது.